கொம்பு மைத்துனர் வீட்டிலேயே இருக்கட்டும்: நமீபியாவுக்கு வேட்டைக்குப் போக நினைப்பவருக்கு ஒரு பதில்

நமீபியத் தலைநகர் விந்தூக்கில் வேலை பார்க்கும் உங்கள் மைத்துனர், அடுத்த ஆண்டு விடுமுறைக்கு வந்தால் பண்ணை ஒன்றில் குடூ என்னும் பெரிய ஆப்பிரிக்க மான் வேட்டைக்கு ஏற்பாடு செய்வதாக அழைத்திருக்கிறார். அதை வைத்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் வேட்டையாடினால் இங்கே வழக்கு வருமா, தாத்தா விட்டுச்சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாமா, சுட்ட விலங்கின் தலையைப் பாடம் செய்து வேளச்சேரி வீட்டுக் கூடத்தில் மாட்டலாமா. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், திரும்பி வந்து மீனம்பாக்கத்தில் இறங்கும்போது நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியுமா என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று புரிந்துகொள்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், வேட்டைக்குப் போகலாம். துப்பாக்கியை இங்கேயே விட்டுவிடுங்கள். தலை, தோல், கொம்பு எதையும் கொண்டுவர நினைக்காதீர்கள். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

நான் சென்னைத் துறைமுகத்திலும் விமான நிலையச் சரக்கு வளாகத்திலும் முப்பத்தோரு ஆண்டுகள் சுங்க முகவராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி சுடும் வீரர்களுக்குப் போட்டித் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இறக்குமதி செய்து கொடுத்தது என் தொழிலில் ஒரு பகுதி. வெளிநாட்டிலிருந்து வந்த தோலோ கொம்போ சுங்கத்தில் சிக்கிக்கொள்ள, உரியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் வந்து நின்றது இன்னொரு பகுதி. வாடிக்கையாளர் ஒருவருடன் ஒருமுறை நமீபியாவுக்குச் சென்று, பத்து நாள் பண்ணையில் தங்கி, வேட்டை நடைமுறையை நேரில் பார்த்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லேன். ஆகவே சட்டத்தில் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன், அதிகாரிக்கு அதிகாரி, வழக்குக்கு வழக்கு மாறக்கூடியவற்றை அப்படியே குறித்துச் சொல்வேன்.

முதல் கேள்வியில் பெரிய சிக்கல் இல்லை. வேட்டையைத் தடை செய்யும் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, இந்திய நிலப்பரப்புக்குள் செல்லுபடியாவது. இந்தியர் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கு இங்கே வழக்குத் தொடரும் ஏற்பாடு குற்றவியல் சட்டத்தில் இருந்தாலும், அது அந்தக் குற்றவியல் சட்டத்திலேயே குற்றமெனச் சொல்லப்பட்டவற்றுக்கானது. நமீபியாவில் அந்நாட்டு அனுமதியுடன் முறைப்படி ஒரு குடூவைச் சுட்டதற்காகச் சென்னையில் உங்கள் மீது வனத்துறை வழக்குப் போட இடமில்லை. முறைப்படி என்ற சொல்லை மட்டும் மறந்துவிட வேண்டாம். அங்கே விதி மீறப்பட்டால் அங்கேதான் கைதாவீர்கள், அந்த விதிகளைப் பற்றி உங்கள் மைத்துனர் கொஞ்சம் எளிதாக நினைத்துவிட்டாரோ என்ற கவலை உங்கள் கேள்வியைப் படித்ததுமே எனக்கு எழுந்தது.

காரணம், நண்பரின் பண்ணைதானே, மைத்துனரே கூட்டிப் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொம்புக்காகவும் தலைக்காகவும் வேட்டையாட வரும் வெளிநாட்டவரை, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் பதிவு பெற்ற வேட்டை வழிகாட்டி ஒருவர் மட்டுமே நமீபியாவில் அழைத்துச் செல்ல முடியும். அதிலும் படிநிலைகள் உண்டு: வேட்டை வழிகாட்டி என்ற கீழ்நிலைப் பதிவு பெற்றவர் பதிவான தம் பண்ணையோடு நிற்க வேண்டும், தொழில்முறை வேட்டைக்காரர் என்ற பதிவு பெற்றவர் மற்ற இடங்களுக்கும் அழைத்துச் செல்லலாம், யானை, சிங்கம், எருமை போன்ற பெரிய விலங்குகளுக்குத் தனித் தேர்ச்சி வேண்டும். வேட்டைக்கு முன்பே உங்கள் பெயரில் அனுமதிச் சீட்டு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பருவம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகலாம் என்று எண்ணியிருந்தால் அது மூடிய காலம். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைவுக்கு அரை மணி நேரம் பின்பு வரையே சுடலாம். மைத்துனர் உடன் வரலாம், ஜீப் ஓட்டலாம், சமைத்துப் போடலாம். வழிகாட்டியாக இருக்க முடியாது.

வழிகாட்டியை மட்டும் நம்பித் தாள்களைப் பார்க்காமல் விடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஆய்வாளர்கள் கழுத்துப் பட்டை கட்டியிருந்த செசில் என்ற சிங்கத்தை அமெரிக்கர் ஒருவர் வில் கொண்டு வீழ்த்தினார். அவருடைய தாள்கள் ஒழுங்காக இருந்தன என்று சில மாதங்களுக்குப் பின் அந்நாட்டு அரசே சொன்னது; வழிகாட்டி மீது போட்ட வழக்கும் 2016 இல் தள்ளுபடியானது. ஆனால் அதற்குள் உலகமே அவர் பெயரைச் சொல்லித் திட்டி முடித்திருந்தது. ஒரு விருந்தாளிக்கு அந்த நிலத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பது தெரியாது; யாருக்கு எத்தனை விலங்கு ஒதுக்கீடு என்பதும் தெரியாது. ஆகவே வழிகாட்டியின் பதிவு எண்ணையும் அனுமதிச் சீட்டின் நகலையும் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டி இதைக் கேட்டால் மகிழ்வார். முகம் சுளிப்பவரிடம் போகாதீர்கள்.

தாத்தாவின் துப்பாக்கிக்கு வருகிறேன். பன்னிரண்டு போர் (bore, குழலின் அளவு) இரட்டைக்குழல் என்று எழுதியிருக்கிறீர்கள். ரவை சிதறும் அந்தத் துப்பாக்கி கௌதாரிக்கும் முயலுக்குமானது. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள குடூக் காளைக்கு ரைஃபிள் வேண்டும். நமீபியச் சட்டம் குழல்முனை ஆற்றலுக்கே வரம்பு வைத்திருக்கிறது: ஸ்பிரிங்பக் என்னும் சிறுமானுக்கு 1,350 ஜூல், குடூ, நீள்கொம்பு மானான ஓரிக்ஸ் போன்றவற்றுக்கு 2,700 ஜூல், யானை, எருமை போன்றவற்றுக்கு 5,400 ஜூல் குறைந்த அளவு. இது ஒருபுறம் இருக்க, நம் ஆயுதச் சட்டம், 1959 இன் 10 ஆம் பிரிவுப்படி துப்பாக்கியை நாட்டை விட்டு எடுத்துச் செல்லவும் திருப்பிக் கொண்டுவரவும் தனி உரிமம் வேண்டும் என்பது பொது விதி. சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் எடுத்துச் செல்ல அதே பிரிவில் விலக்கு இருந்தாலும், அது பொருந்துமா என்ற சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரி துப்பாக்கியை நிறுத்திவைக்கலாம். சென்னையிலிருந்து விந்தூக்குக்கு நேர் விமானம் இல்லாததால், மாறும் நாட்டின் விதியும் குறுக்கே வரும். போட்டி வீரர்களுக்காக இந்த வேலையைச் செய்து பழகிய நானே, ஒரு வார வேட்டைக்காக இத்தனை பாட்டையும் படச் சொல்ல மாட்டேன். பண்ணையில் நல்ல ரைஃபிளும், குறி பார்க்கும் தொலைநோக்கியும் வாடகைக்குக் கிடைக்கும். வழிகாட்டியின் பார்வையில் அதைப் பயன்படுத்துவது அங்கே வழக்கம்.

திரும்பும் வழியில் துப்பாக்கியைவிட அதிகம் பேரை மாட்டிவிடுவது ஒற்றைத் தோட்டாதான். ஒருமுறை ஓர் இளைஞர் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி, சென்னையில் ஒரு நாள் தங்கிவிட்டு, உள்நாட்டு விமானத்தில் ஊருக்குப் போகப் புறப்பட்டார். பையை ஊடுகதிரில் அனுப்பியபோது திரையில் சுண்டுவிரல் அளவில் கூர்முனையோடு ஒரு நிழல். வேட்டைக்குப் போட்ட காக்கிச் சட்டையின் பக்கப் பையில், துவைக்கப் போடும்போதும் தட்டுப்படாமல், உள்மடிப்பில் இறங்கிக் கிடந்த புள்ளி 308 தோட்டா. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போகவில்லை. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1972 இலேயே வகுத்திருக்கிறது, அதன் அடிப்படையில் இப்படிப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தும் வருகின்றன. ஆனால் ரத்தாகும் வரை காவல் நிலையம், வழக்கறிஞர், கடவுச்சீட்டு புதுப்பிப்பில் தாமதம் எல்லாம் உண்டு. வேட்டை முடிந்த கடைசி இரவில் ஒவ்வொரு சட்டைப் பையையும் உள்ளிருந்து வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். வெடித்த வெற்றுக் குப்பியைக்கூட நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள்.

மூன்றாவது கேள்விக்குத்தான் நீங்கள் விரும்பாத பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் இறக்குமதிக் கொள்கையில், வனவிலங்குச் சட்டம் சொல்லும் காட்டு விலங்குகளும் அவற்றின் உறுப்புகளும் உறுப்புகளால் ஆன பொருள்களும் தடை செய்யப்பட்டவை. அழியும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் உறுப்பு நாடு. 2022 இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த நம் சட்டத்தில், அந்த உடன்படிக்கையின் பட்டியல் நான்காம் அட்டவணையாகவே சேர்ந்துவிட்டது. சிறுத்தை, சிங்கம், யானை, மலை வரிக்குதிரை ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் எந்த உறுப்பையும் கொண்டுவருவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

குடூ அந்தப் பட்டியலில் இல்லையே, நம் அட்டவணைகளிலும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்; சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் வாதாட இடமிருக்கிறது என்று சொன்ன வழக்கறிஞர்களும் உண்டு. இங்கேதான் உறுதியான நிலம் முடிந்து சந்தேகமான நிலம் தொடங்குகிறது. நடைமுறையில் நான் கண்டது இதுதான். மரப்பெட்டியைத் திறந்ததும் உப்பும் நாப்தலினும் கலந்த வாடை அடிக்கும். சணல் துணியைப் பிரித்தால் ஒன்றரைச் சுற்றுத் திருகிய கொம்பு ஒன்று தலைகாட்டும். சுங்க அதிகாரிக்கு அது குடூவா, இரலை என்னும் நம் நாட்டு வெளிமானா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர் பொருளை நிறுத்திவைத்து, சென்னையிலேயே மண்டல அலுவலகம் வைத்திருக்கும் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கு எழுதுவார். இனம் கண்டறியும் அறிக்கை வர வேண்டும், பச்சைத் தோலோ எலும்போ ஒட்டியிருந்தால் விலங்கு நோய்த் தடுப்பு அலுவலரும் பார்க்க வேண்டும். கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறும். அப்படி ஒரு பெட்டி ஏழு மாதம் கிடந்து, கடைசியில் உரியவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன். வேட்டைக்குச் செலவழித்ததில் பாதி அந்தப் பெட்டிக்கே போயிருந்தது.

நோய்த் தடுப்பு அலுவலரின் கவனத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். நமீபியாவின் குடூ மான்களிடையே 1977 முதல் வெறிநோய் பெருந்தொற்றாகப் பரவி வந்திருக்கிறது. காட்டு விலங்கு பயமில்லாமல் பண்ணை வீட்டருகே வந்து நிற்கிறது, வாயில் நுரை வடிகிறது என்றால் அருகில் போய்ப் படம் எடுக்கக்கூடாது. எந்த வழிகாட்டியும் முதல் நாளே இதைச் சொல்வார். பில்டாங் என்னும் உப்புக்கண்டத்தை ஊருக்குக் கொண்டுவரும் ஆசையும் வேண்டாம். இறைச்சிக்குக் கால்நடை இறக்குமதிச் சட்டம், 1898 இன் கீழ் முன்கூட்டியே சுகாதார அனுமதி வேண்டும், பயணியின் பையில் வரும் அரைக் கிலோவுக்கு அதை யாரும் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அங்கேயே வயிறாரச் சாப்பிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏதோ ஒரு பொருள் கையோடு வந்துவிட்டால், செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறிவிக்க எதுவும் இல்லாதவருக்கான சுங்கப் பச்சை வழியில் நடந்துவிடாமல், அறிவிப்பவருக்கான சிவப்பு வழியில் சென்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். சுங்கச் சட்டம், 1962 இன் 80 ஆம் பிரிவின்படி, உண்மையாக அறிவிக்கப்பட்ட தடைப்பொருளை அதிகாரி நிறுத்திவைத்து, நீங்கள் மறுபடி வெளிநாடு போகும்போது திருப்பிக் கொடுக்க முடியும். அறிவிக்காமல் மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பறிமுதல், அபராதம், சில நேரம் வழக்கு என்று அது வேறு திசையில் போகும். நான் பார்த்தவரை, எழுதிக் கொடுத்தவரிடம் அதிகாரிகள் பொறுமையாகவே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

நமீபியாவோடு நிற்காமல் அமெரிக்காவிலும் நண்பர் இருக்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிண்டி தேசியப் பூங்காவில் நாம் குழந்தைகளோடு நின்று பார்க்கும் அதே வெளிமானும் புள்ளிமானும் டெக்சாஸ் பண்ணைகளில் பெருகியிருக்கின்றன. 1930களில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டவை, அங்கே பணம் கட்டிச் சுடலாம். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடுவதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. அங்கே வேலை விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இது தெரியாமல் நண்பரின் துப்பாக்கியை வாங்கிப் பார்க்கிறார்கள். அங்கே முறைப்படி சுட்ட வெளிமானின் கொம்போ இங்கே மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணை விலங்கின் கொம்பு. டெக்சாஸ் ரசீதைக் காட்டி மீனம்பாக்கத்தில் நிற்கும் நிலையை யாருக்கும் நான் விரும்ப மாட்டேன்.

துப்பாக்கிச் சட்டமும் வேட்டைச் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுவதோடு ஆண்டுக்கு ஆண்டும் மாறும். கென்யா 1977 இலேயே வேட்டையைத் தடை செய்தது. போட்ஸ்வானா 2014 இல் தடை செய்து 2019 இல் நீக்கியது. நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர மண்ணுக்குரிய தரைப் பாலூட்டி இல்லை. 1904 இல் கொண்டுபோய் விட்ட இமயமலை வரையாடு அங்கே தாவரங்களை மொட்டையடிப்பதால், வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமலே அரசு நிலத்தில் வேட்டையாட அனுமதி உண்டு. அதன் தொலைதூர உறவான நம் நீலகிரி வரையாட்டை நாம் மாநில விலங்காக வைத்துக் காக்கிறோம். பக்கத்து நேபாளத்தில் தோர்பாட்டன் என்ற ஒரே வேட்டைக் காப்பகத்தில், நீலச் செம்மறிக்கும் வரையாட்டுக்கும் ஏல முறையில் உரிமம் தருகிறார்கள்.

எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த விலங்குக்கு நீங்கள் பட்ட கடன் ஒன்று உண்டு: ஒரே குண்டில் அது விழ வேண்டும். நம் ஊர்த் துப்பாக்கி சுடும் கழகங்களில் படுத்துக்கொண்டும் கை ஊன்றியும் சுட்டுப் பழகியவர்கள், அங்கே மூன்று கால் கோலின் மேல் துப்பாக்கியை வைத்து, நின்றபடி, நூறு நூற்றைம்பது மீட்டரில் சுட வேண்டியிருக்கும். நான் போனபோது எங்கள் வழிகாட்டி சாம்பல் கட்டிய சிறு துணிப்பையைத் தட்டித் தட்டிக் காற்றுப் பார்த்தே இரண்டு மணி நேரம் நடத்தினார். கோலை ஊன்றியதும் சுட ஐந்து நொடிதான். என் வாடிக்கையாளர் அவசரப்பட்டார். ஓரிக்ஸ் பின்வயிற்றில் அடிபட்டு ஓடியது. அந்தி வரை இரத்தத் துளியைப் பின்பற்றினோம், நாய்களோடு மறுநாள் காலையிலும் தேடினோம், கிடைக்கவில்லை. அடிபட்டால் கிடைக்காவிட்டாலும் கட்டணம் கட்ட வேண்டும் என்பது அங்கே பொது விதி. அவர் கட்டினார், ஆனால் அன்று இரவு சாப்பிடவில்லை. புறப்படும் முன் குறைந்தது மூன்று மாதம் கோலில் வைத்து நின்று சுட்டுப் பழகுங்கள். பழக நேரமில்லை என்றால் இந்த ஆண்டு போகாதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இடம் தேர்வதிலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கூண்டில் வளர்த்து வேலிக்குள் திறந்துவிட்ட சிங்கத்தைச் சுட வைக்கும் தொழில் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டு நடந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அந்நாட்டு உயர்நிலைக் குழு 2021 இல் பரிந்துரைத்தது. அது வேட்டையே இல்லை என்பது என் எண்ணம். அதற்கு மாறாக, 1996 இல் வந்த சட்டத்தின்படி நமீபியாவில் கிராமத்தார் அமைத்துள்ள சமூகக் காப்பகங்களில் வேட்டைப் பணமும் இறைச்சியும் அந்த ஊராருக்கே போகின்றன. வெளிநாட்டார் வேட்டை விலங்குகளைக் காக்கிறதா அழிக்கிறதா என்பதில் விலங்கியல் அறிஞர்களே ஒன்றுபடவில்லை. நான் சொல்லக்கூடியது, பணம் யார் கைக்குப் போகிறது, இறைச்சியை யார் சாப்பிடுகிறார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்பதே.

பயணத்துக்கான சிறு வேலை ஒன்று பாக்கி. அடிஸ் அபாபா வழியாகச் சீட்டு எடுத்தால், எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. விமான நிலையத்தை விட்டு வெளியேறாதவருக்கு விலக்கு உண்டு என்றாலும், ஊசி போட்ட அட்டை கையில் இருந்தால் வாக்குவாதமே எழாது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். கொம்பைப் பொறுத்தவரை, மைத்துனர் அங்கே வாழும் வரை அவர் வீட்டுச் சுவரில் இருக்கட்டும், உங்கள் பெயரில் உள்ள அனுமதிச் சீட்டின் நகலை அதன் பின்னாலேயே ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். கூடத்துக்கு ஒரு நல்ல படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டிக்கொள்ளலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.